மேற்குச் சுவர் ஜன்னல்களுக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன?

கோவை மாவட்டத்தில் வாளையார் எல்லையை ஒட்டிய ஒரு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கச் செயலாளர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

“தரைத்தளமும் மேலே மூன்று தளங்களுமாக எங்கள் குடியிருப்பு செங்கல் சுவரில் கட்டப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான்கடிக்கு நான்கடி இரும்பு ஜன்னல்களில் பெரும்பாலானவை அடியில் துருப்பிடித்துவிட்டன. சிலவற்றில் கண்ணாடியே இல்லை. மார்ச் முதல் மே வரை மேற்குப் பக்க அறைகளில் பிற்பகலில் குழந்தைகளைப் படுக்க வைக்க முடிவதில்லை. ஜூன் பிறந்தால் அதே ஜன்னல் வழியாகச் சாரல் கட்டில் வரை வருகிறது. வேறு வழியின்றிப் பலரும் வெளியில் ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, எல்லா வீடுகளுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்ட யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் மாற்றினால் ஏசி இல்லாமலேயே வீடு குளிரும், கரண்ட் பில் பாதியாகும் என்கிறார். சங்கத்தின் கையிருப்பு பாதி வீடுகளுக்குக்கூடப் போதாது. கடன் வாங்கியாவது எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியாகச் செய்துவிடலாமா, அல்லது இப்போதுள்ளதையே பழுது பார்க்கலாமா?”

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

கடன் வாங்க வேண்டாம். எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரி மாற்றவும் வேண்டாம். உங்கள் கடிதத்துடன் வந்த படங்களையும் அளவுகளையும் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான்: மேற்குச் சுவர் ஜன்னல்களுக்கு வெளியே நிழல் அமைப்பது முதல் வேலை, ஜன்னலின் அடிப்பகுதியிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது இரண்டாவது வேலை, கண்ணாடியைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் பணமும் போகும், அறையும் குளிராது.

நடுவே இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்த இரட்டைக் கண்ணாடி மோசமான பொருள் அல்ல. அது எந்தச் சிக்கலுக்காக உருவானதோ அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை என்பதுதான் விஷயம். இங்கிலாந்தின் அரசுக் குடியிருப்புகளில் பழைய ஒற்றைக் கண்ணாடி இரும்பு ஜன்னல்களைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி போட்டார்கள் என்றால், அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் வெளியே ஓடிவிடாமல் காக்க வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டு முதல் அங்கே மாற்றப்படும் ஜன்னல்களும் வெப்பக் காப்பு விதிக்கு உட்பட்டாக வேண்டும் என்று கட்டட விதிமுறையே சொல்கிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்ற வேறுபாடு இரவும் பகலும் நீடிக்கும்போது அந்தச் செலவு திரும்பி வரும். உங்கள் அறையிலோ ஜன்னல் பெரும்பாலான நேரம் திறந்தே இருக்கிறது. திறந்து கிடக்கும் ஜன்னலில் கண்ணாடி ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன?

சரி, பிற்பகலில் மூடியே வைக்கிறோம் என்று வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் மாத மாலையில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர் மேல் ஏறத்தாழ 600 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் பத்தில் எட்டுப் பங்கை உள்ளே விட்டுவிடும். அது 480 வாட். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட 8 டிகிரி அதிகச் சூடாக இருந்தால், கண்ணாடி வழியே கடந்து வரும் சூடு இன்னும் 46 வாட் அளவுக்குச் சேரும். ஆக 525 வாட். அதே இடத்தில் சாதாரண இரட்டைக் கண்ணாடியைப் போட்டால், கடந்து வரும் சூடு 46இலிருந்து 22 ஆகக் குறையும் என்பது உண்மை. ஆனால் வெயிலில் பத்தில் ஏழு பங்கு அப்போதும் உள்ளே வரும் என்பதால் மொத்தம் 440 வாட்டில் நிற்கும். ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. பழைய ஒற்றைக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, வெளியே வெயிலில் முக்கால் பங்கை மறைக்கும் ஒரு நிழலை அமைத்தால், உள்ளே வருவது 165 வாட் அளவுதான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

நிழல் வெளியே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திரைச்சீலையோ, பழைய புடவையோ, கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் கறுப்பு ஃபிலிமோ வெயிலைத் தடுப்பது அது அறைக்குள் நுழைந்த பிறகு. சூடேறிய துணி அந்தச் சூட்டில் பெரும்பகுதியையும், ஃபிலிம் ஒரு பங்கையும் அறைக்குள்ளேயே விடும். கறுப்பு ஃபிலிமினால் பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும் என்பது தனித் தொல்லை. அந்த வகையில், ஃப்ளெக்ஸ் பேனரை வெளியே கட்டிய உங்கள் குடியிருப்புவாசிகள் முகவரைவிடச் சரியாகவே சிந்தித்திருக்கிறார்கள். அந்த பேனர் காற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறது, தீப்பிடித்தால் உருகிக் கொட்டும் என்பவைதான் அதன் குறைகள்.

ஏற்கெனவே சன்ஷேடு இருக்கிறதே என்று உங்கள் உறுப்பினர்கள் கேட்பார்கள். தெற்குச் சுவரில் அந்த ஒன்றரை அடி சன்ஷேடு நன்றாகவே வேலை செய்கிறது. மார்கழி நண்பகலில்கூட நான்கடி ஜன்னலில் பாதிக்கு மேல் நிழலில் இருக்கும். மேற்கில் அது பலிக்காது. வாளையார் அட்சரேகையில் ஏப்ரல் மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில்தான் நிற்கும். அவ்வளவு சாய்வாக வரும் வெயிலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு தரும் நிழல் பத்து அங்குலம். அதற்குக் கீழே மூன்றடிக்கு மேல் வெயில் நேராக உள்ளே பாய்கிறது. ஜன்னல் முழுவதற்கும் நிழல் வேண்டுமென்றால் சன்ஷேடு ஏழடி நீள வேண்டும். அது நடக்காத காரியம். ஆகவே மேற்கில் நிழல் ஜன்னலின் தலைக்கு மேல் நீண்டு பயனில்லை. முகத்துக்கு எதிரே நிற்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது, ஜன்னலுக்கு அரையடி வெளியே சுவரில் பொருத்தும் சாய்பட்டைச் சட்டம். நான்கு அங்குல அகலமுள்ள பட்டைகளை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, வெளிவிளிம்பு தாழ்ந்திருக்கும்படி 45 பாகை சாய்த்துப் பொருத்தினால், ஏப்ரல் வெயிலை மாலை ஐந்து மணி வரை முற்றிலும் மறைத்துவிடலாம். பட்டைகளின் இடைவெளியில் காற்று வரும். ஜூன் மாதச் சாரலும் ஜன்னலில் நேராக மோதாமல் பட்டைகளில் பட்டு வெளிப்பக்கமே வழியும். உங்கள் ஊரில் வெயிலும் மழையும் ஒரே திசையிலிருந்து வருவதால் ஒரே சட்டம் இரண்டையும் தடுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் நீங்கள் இருக்கிறீர்கள். கோடை மாலையின் வெயிலும், ஆனி ஆடிக் காற்றோடு வரும் சாரலும் உங்கள் மேற்குச் சுவரில்தான் விழுந்தாக வேண்டும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்ததை எல்லைக்கு இந்தப்புறம் இருப்பவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

பட்டைகள் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமாகவோ துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ தகடாகவோ இருக்கட்டும். வெளிர் நிறம் நல்லது. மேல்தளங்களில் இருப்பவர்கள் கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக ஜன்னலில் நிற்பார்கள் என்பதால், அடிப்பகுதியில் ஓரடி உயரத்தைக் கீல் வைத்து மேல்நோக்கித் தூக்கித் திறக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். வடமேற்கு மூலை வீடுகளின் வடக்கு ஜன்னல்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து மறைவதால் அந்த ஜன்னல்களிலும் மாலை வெயில் ஏறும்.

சட்டத்தைப் பொருத்துவதில் சிக்கனம் காட்டக் கூடாது. கோவை வட்டாரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரைத் தள்ளும் விசை தொண்ணூறு கிலோ எடைக்குச் சமம். உங்கள் நான்கடி ஜன்னல் ஒன்றுக்கு 130 கிலோவுக்கு மேல் வரும். மரக்கட்டை அடித்து ஸ்க்ரூ முடுக்கினால் இரண்டு ஆடி மாதம்கூடத் தாங்காது. மேல் பிடிகள் ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் கான்கிரீட்டிலும், பக்கப் பிடிகள் சுவரை ஊடுருவி உட்புறம் தகடு வைத்து முடுக்கிய போல்ட்டுகளிலும் நிற்க வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சட்டம் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்து ஒவ்வொரு போல்ட்டையும் சரிபாருங்கள். வெளிச்சுவர் வாரியத்துக்கு உரியது என்பதால், வரைபடத்தோடு வாரியப் பொறியாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி துருவுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று எனக்கு மிகவும் உதவியது: இரண்டாம் தளத்து ஜன்னல் ஒன்றின் அடிமூலை. மேல்சட்டமும் பக்கச் சட்டங்களும் பெயின்ட் உரிந்ததைத் தவிர நன்றாகவே இருக்கின்றன. அடிச்சட்டம் மட்டும் இதழ் இதழாகப் பிரிந்து, பக்கத்துப் பூச்சையும் வெடிக்க வைத்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும். பூச்சு வெடிப்பதற்கு அதுவே காரணம். ஜன்னலின் அடித்திண்டு வெளிப்பக்கம் சரியாமல் மட்டமாக இருக்கிறது, ஒரு மூலையில் உட்பக்கமே சரிந்திருக்கிறது என்பதும் படத்தில் தெரிகிறது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அங்கே தேங்கி, சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே இறங்கி, வெயில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தும் துரு நிற்காததற்குக் காரணம் பெயின்ட் அல்ல, அந்தத் திண்டு. அதைச் சரிசெய்யாமல் எந்த ஜன்னலை வைத்தாலும் தண்ணீர் அதே வழியில் சுவருக்குள் இறங்கும். யூபிவிசி துருப்பிடிக்காது, ஆனால் அதன் கீழே உள்ள சுவர் ஊறும்.

ஆகவே எல்லா ஜன்னல்களையும் ஒரு தடிமனான ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அடிச்சட்டத்திலும், பக்கச் சட்டங்களின் கீழ் அரையடியிலும் தட்டியும் குத்தியும் பார்க்க வேண்டும். மேல்துரு மட்டும் உதிர்ந்து உள்ளே இரும்பு கணீரென்று ஒலித்தால், சுரண்டி, துத்தநாக ப்ரைமர் அடித்து, இரண்டு கை பெயின்ட் பூசினால் போதும். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஜிஐ துண்டை வெல்டிங் செய்யலாம். வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் அங்கே ப்ரைமரை மீண்டும் அடிக்க வேண்டும். பக்கச் சட்டங்களும் ஓரடிக்கு மேல் அரித்திருந்தால்தான் முழு ஜன்னலையும் மாற்ற வேண்டும். படங்களை வைத்துப் பார்த்தால், முழுதாக மாற்ற வேண்டியவை சிறுபான்மைதான் என்று நினைக்கிறேன்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஜன்னல்களின் அடியடுக்குப் பெயின்ட் அதற்கு வெகு முந்தியது. எனவே ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, ஈரப்படுத்திச் சுரண்டச் செய்யுங்கள். தூளைச் சாக்கில் அள்ளிக் கட்டுங்கள். அன்று அந்த வீட்டுக் குழந்தைகள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

அடித்திண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வெளிப்பக்கம் சரியும்படி மறுபடி பூச வேண்டும். திண்டு சுவருக்கு வெளியே இரண்டு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். அதன் அடிப்புறத்தில், கொத்தனார்கள் டிரிப் மோல்டு என்று சொல்லும் சிறு காடி ஒன்றை நீளவாக்கில் இழுக்க வேண்டும். அந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் திண்டின் அடிப்புறமாகவே ஊர்ந்து வந்து மறுபடி சுவரைத் தொடும். சன்ஷேடின் அடியிலும் அதே காடி வேண்டும். உங்கள் படங்களில் பல சன்ஷேடுகளில் அது மேல்பூச்சால் அடைபட்டிருக்கிறது. இது மலிவான வேலை, ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும். ஆனால் இதைச் செய்யும்போது சங்கத்திலிருந்து ஒருவர் கூட நின்று, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்ல வேண்டும்.

முழுதாக மாற்றித் தீர வேண்டிய ஜன்னல்களுக்கு என்ன போடலாம் என்பது அடுத்தது. யூபிவிசியோ அலுமினியமோ எதுவானாலும் சரி, ஆனால் ஸ்லைடிங் வேண்டாம். காரணம் இரண்டு. முதலாவது காற்று. எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட நெறிமுறை புதிய கட்டடங்களுக்கானது, உங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அது நல்ல அளவுகோல். திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் தரைப்பரப்பில், மிதமான மண்டலத்தில் எட்டில் ஒரு பங்கும் வெப்ப ஈரப்பத மண்டலத்தில் ஆறில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நூறு சதுர அடி அறைக்கு இது பன்னிரண்டரை முதல் பதினாறே முக்கால் சதுர அடி வரை. உங்கள் ஜன்னல் பதினாறு சதுர அடி. கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில் 90 சதவீதம் திறக்கும் என்று அந்த நெறிமுறை கணக்கிடுகிறது. அது பதினான்கரை சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பலகை ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். எட்டு சதுர அடி. இப்போதுள்ள காற்றில் பாதியைப் பணம் கொடுத்து அடைப்பது எந்த விதத்தில் முன்னேற்றம்?

இரண்டாவது காரணம் சாரல். ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தண்டவாளத்தில் விழும் தண்ணீர் சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். வெளியே காற்றின் அழுத்தம் கூடும்போது தண்ணீர் அந்தத் துளைகளில் பின்வாங்கி நிற்கும். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகக் காற்று இரண்டு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தப் போதுமானது. தண்டவாளத்தின் உள்விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் வழிந்து கட்டிலுக்கு வரும். கோடைப் புழுதியில் துளைகள் அடைபட்டிருந்தால் அந்த அளவு காற்றுகூடத் தேவையில்லை. மேல்விளிம்பில் கீல் வைத்து, அடியை வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் பலகைதான் உங்கள் மேற்குச் சுவருக்கு மிகப் பொருத்தம். மழையிலும் ஒரு சாண் திறந்து வைக்கலாம். காற்று வரும், தண்ணீர் வராது. வெளியே நிற்கும் சாய்பட்டைச் சட்டத்தில் இடிக்காத அளவுக்குப் பலகைகளைச் சிறியவையாகப் பிரித்து, காற்றில் படபடக்காமல் பிடித்து நிறுத்தும் உறுதியான ஸ்டே பொருத்தச் சொல்லுங்கள்.

யூபிவிசி வாங்கினால், உள்ளே துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழல் வைத்திருக்கிறார்களா என்று வெட்டிய துண்டில் நேரே பாருங்கள். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். நான்கடிச் சட்டம் 30 டிகிரி வேறுபாட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடும். அதற்கு இடம் விட்டு, இடைவெளியை வெயில் தாங்கும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். சிமென்ட்டை நேராக அப்பினால் ஒரே கோடையில் விரிசல் விடும். இரட்டைக் கண்ணாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் ஓர அடைப்பு தளர்ந்துவிட்டால் கண்ணாடிகளுக்கு நடுவே ஆவி படியும். துடைக்க முடியாது, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். வெயிலும் மழையும் மாறி மாறி அறையும் சுவரில், மாற்றுக் கண்ணாடியின் செலவை யார் ஏற்பது என்பதை முகவர் தன் விலைப்பட்டியலில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

மின் கட்டணம் பாதியாகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் வீடுகளில் ஓடுபவை மின்விசிறி, விளக்கு, டிவி, ஃபிரிட்ஜ். இவற்றில் எதையும் ஜன்னல் பாதியாக்காது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, நீங்கள் கட்டுவது சிறிய தொகைதான். உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அறை தாங்கக்கூடிய அளவுக்குக் குளிர்ந்தால் ஏசி வாங்கும் கட்டாயம் வராது. ஒரு சிறிய ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 360 யூனிட் ஏறிவிடும். உயர்ந்த கட்டணப் படிக்கு வீட்டைத் தள்ளிவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது தாங்காது. நிழலுக்குச் செலவிடுவதை அந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

தீ பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அரசுக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று 72 பேரைக் கொன்ற தீ, ஒரு சமையலறையில் தொடங்கியது. முந்தைய ஆண்டு முடிந்த புதுப்பிப்பு வேலையின்போது பொருத்திய யூபிவிசி ஜன்னல் ஓரம் வெப்பத்தில் நெளிந்து, அந்த வழியே தீ வெளிச்சுவர் மீது பொருத்திய எரியக்கூடிய தகட்டுப் போர்வைக்குத் தாவியிருக்கக்கூடும் என்று 2019இல் வந்த விசாரணை அறிக்கை முடிவு செய்தது. உங்கள் சுவரில் அப்படிப்பட்ட போர்வை இல்லை, செங்கல்தான். ஆனாலும் சமையலறை ஜன்னலுக்கு இரும்பு அல்லது அலுமினியமே போடுங்கள். அடுப்புக்கு நேரே ஃப்ளெக்ஸ், பச்சை ஷேடு நெட், கீற்றுத் தட்டி எதுவும் தொங்கக் கூடாது. மாற்றும் ஜன்னல் எதுவானாலும் கிரில்லில் ஒரு பகுதி உட்புறத்திலிருந்து திறக்கும்படி இருக்கட்டும். வேலை நடக்கும் நாளில் கிரில் இல்லாத ஜன்னல் உள்ள அறையில் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

கொசுவலை அவசியம், டெங்குக் கொசு பகலில் கடிப்பது. ஆனால் வலை காற்றைக் கணிசமாகக் குறைப்பதால், கழற்றிக் கழுவக்கூடிய தனிச் சட்டமாக வையுங்கள். புழுதி அடைந்த வலை சுவருக்குச் சமம்.

மேல்தளத்தில் இருப்பவர்களிடம் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டுச் சூட்டில் பெரும்பங்கு கூரையிலிருந்து இறங்குவது. ஜன்னலை என்ன செய்தாலும் கூரையில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ இல்லாமல் அவர்களுக்குப் பெரிய நிம்மதி கிடைக்காது. அதைத் தனி வேலையாக இந்த ஆண்டே வாரியத்திடம் கேளுங்கள்.

கடைசியாக, ‘எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி’ என்பது. சங்கத்தில் இது எவ்வளவு கடினமான பேச்சு என்பது எனக்குத் தெரியும். ஒரே அளவு சந்தா கட்டியவர்கள் ஒரே அளவு வேலையை எதிர்பார்ப்பார்கள். ஆனால் கிழக்கு முக வீட்டில் காலை எட்டு மணி வெயிலோடு முடிந்துபோகும் துன்பமும், மேற்கு முக வீட்டில் இரவு பத்து மணி வரை சுவர் அனலடிக்கும் துன்பமும் சமம் அல்ல. இரண்டுக்கும் ஒரே தொகையைச் செலவிடுவது நியாயம் போலத் தோன்றினாலும், அது மேற்கு வீட்டுக்காரரை வெயிலிலேயே விட்டுவிடுவதுதான். அடித்திண்டு, காடி, துருப் பழுது ஆகியவை திசை பார்க்காமல் எல்லா வீடுகளுக்கும் நடக்கட்டும். சாய்பட்டைச் சட்டம் மேற்கு வீடுகளுக்கும் வடமேற்கு மூலை வீடுகளுக்கும் மட்டும். முழு மாற்றம் ஸ்க்ரூடிரைவர் சோதனையில் தேறாத ஜன்னல்களுக்கு மட்டும். இந்தப் பங்கீட்டைப் பொதுக்குழுவில் வைத்து, வீட்டு எண் வாரியாகப் பட்டியலிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற குடியிருப்போர் நலச் சங்கத் திட்டத்தின் கீழ் உங்கள் சங்கம் பதிவாகியிருந்தால், இந்தப் பட்டியலையே வாரியத்துக்கு அனுப்பும் கோரிக்கையாகவும் பயன்படுத்தலாம்.

உங்கள் உறுப்பினர்களுக்கு என் கணக்கைவிட அவர்கள் கண்ணால் காண்பது நம்பிக்கை தரும். இரண்டாம் தளத்தில் அடுத்தடுத்த இரண்டு மேற்கு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சட்டத்தைப் பொருத்திவிட்டு, இரண்டு அறைகளிலும் ஒரே உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் சாதாரண வெப்பமானியை மாட்டுங்கள். ஒரு வாரம் மாலை நான்கு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இரு வீட்டாரும் குறித்து வரட்டும். அந்தத் தாளைப் பொதுக்குழுவில் படித்துவிட்டு மற்ற வீடுகளுக்கான முடிவை எடுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு ஜன்னலையும் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் நனைத்து, உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட பிறகே அந்த ஜன்னலுக்கான பணம் தரப்படும். மொத்தத் தொகையில் பத்து சதவீதம் ஒரு தென்மேற்குப் பருவமழை முழுவதும் கடந்த பிறகே தரப்படும். கீல், ஸ்டே, கொக்கி ஆகியவற்றில் கொஞ்சம் உபரியாகச் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும். துருப் பழுதையும் பூச்சு வேலையையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடியுங்கள். சுவர் காய்ந்திருக்கும், ப்ரைமர் பிடிக்கும், மார்ச் வெயிலுக்கு முன் சட்டங்களும் ஏறிவிடும். சோதனைச் சட்டத்தை மட்டும் அதுவரை காத்திராமல் இந்த மாதமே பொருத்திப் பாருங்கள்.